பதினேழாவது சுற்று

நிஷிவாகி தொமோயே கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தை ஹமுரோ இரண்டு கைகளாலும் வாங்கி மேசைமேல் வைத்தார்.

"உப்பு தூக்கலா இருக்கும். உங்க வயசுக்கு ஆகாது. ஆனா வெறுங்கையோட வந்தா எங்கம்மா கல்லறையிலேருந்து எழுந்து வந்து திட்டுவா."

"ரயில்ல எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம். தம்பி செத்தப்ப ஆறு ஆச்சு."

அவளுக்கு அறுபது வயதிருக்கும். தம்பி ஷுஹேயின் அதே முகவெட்டு. ஒசாகாவில் ஒரு வீடியோ கேம் கம்பெனியின் ஒலி அறையில், மேசைக்கடியில், தூக்கப் பைக்குள் ஷுஹே இறந்துகிடந்தான். வயது இருபத்து நான்கு. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அதற்கு முந்தைய பதினொரு நாளும் அவன் தான் தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பவில்லை. ஒலி அறையில் வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர். மூத்தவர் ஹமுரோ. அவர் தினமும் வீட்டுக்குப் போனார்.

"ஞாயித்துக்கிழமை அவனோட முப்பத்து மூணாவது வருஷச் சடங்கு," என்றாள். "இதுதான் கடைசி. பேர்ப் பலகையை எடுத்துடுவாங்க. அப்புறம் அவனுக்குன்னு தனியா எதுவும் கிடையாது, முன்னோர் கூட்டத்துல ஒருத்தன். அதுக்கு முன்னாடி அவன் போட்ட மெட்டு ஒண்ணைக் கோயில்ல கேக்க வைக்கணும். பிக்கு சரின்னுட்டார். ரொம்பச் சத்தமா இருக்குமான்னு மட்டும் கேட்டார்."

பையிலிருந்து இசைத்தட்டை எடுத்தாள். போன மாதம் வெளிவந்தது. ஹமுரோவும் ஷுஹேயும் அன்று வேலை பார்த்த விளையாட்டின் இசை முழுவதும், நாற்பத்தொரு உருப்படி.

"எல்லாத்துக்கும் மோகுரான்னு போட்டிருக்கு. மோகுரான்னா நீங்கதான்னும் போட்டிருக்கு. தம்பி பேரு நன்றி சொல்ற பக்கத்துலகூட இல்ல."

அந்தக் காலத்தில் கம்பெனிகள் இசை போட்டவர்களின் பெயரை வெளியே விடுவதில்லை. போட்டிக் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம். ஒலி அறைக்கு மொத்தமாக ஒரே புனைபெயர் வைத்தார்கள். மோகுரா. மண்ணுக்கடியில் வாழும் அகழெலி. கம்பெனி மூடிய பிறகு மோகுரா யார் என்று ரசிகர்கள் கேட்டார்கள். பதில் சொல்ல ஹமுரோ ஒருவர்தான் இருந்தார்.

"சண்டை போட வரல," என்றாள். "அவன் ஒண்ணாவது போட்டிருப்பான்ல?"

"போட்டான். கேப்போம், வாங்க."

தட்டு சுழன்றது. விளையாட்டில் மெட்டுக்கு முடிவு கிடையாது, ஆடுபவன் நகரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். தட்டில் இரண்டு சுற்று வந்து தேய்ந்து மறையும். அதுதான் வழக்கம். தொமோயே பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இது என்ன, சண்டையா?"

"ஆமா."

"அப்ப அவன் இல்ல. பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டுதான் வருவான், கொடுத்ததே இல்ல."

ஒன்பதாவது, 'படகுத்துறை'. ஆடுபவன் அங்கே வந்து அதுவரை ஆடியதைப் பதிந்துவிட்டு அரை நிமிடத்தில் போய்விடுவான். ஆனால் எல்லோருக்கும் நினைவில் நின்றது அந்த மெட்டுதான். கல்யாணங்களில் வாசிக்கிறார்கள். ஒரே மூச்சில் அதைப் போட்டதாக ஹமுரோ தட்டின் கையேட்டில் சொல்லியிருந்தார். போட்டது ஷுஹே.

இரண்டு சுற்று முடிந்து மெட்டு தேய்ந்தது.

"இது நல்லாருக்கு. உங்களுதா?"

"ஆமா."

"அதான். பெரிய கை போட்டதுன்னு எனக்கே தெரியுது."

ஐந்து மணிக்கு அவளுடைய கைபேசி அடித்தது. மணியோசையில் எட்டு சுரம். கடைசி சுரம் மட்டும் வழுக்கிக் கீழே விழுந்தது.

"மன்னிச்சுக்கோங்க. எங்க ஊர் அஞ்சு மணி. பசங்க வீட்டுக்குப் போகணும்னு ஊராட்சி ஒலிபெருக்கில போடுவாங்க. பத்து வருஷம் முன்னாடி மாத்திட்டாங்க. பழசை நான் பிடிச்சு வச்சிருக்கேன்."

"கடைசில ஏன் அப்படி விழுது?"

"மெஷின் கோளாறு. கடைசிவரைக்கும் ஒருத்தனும் சரி பண்ணல. வேற எந்த ஊருக்கும் அந்தக் கோளாறு கிடையாது." சிரித்தாள்.

நாற்பத்தொன்றாவது, ஆட்டக்காரன் செத்துவிழும்போது வருவது. ஆறு நொடி.

"இதுதான் ஷுஹே போட்டது," என்றார் ஹமுரோ.

அவள் தட்டையே பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"சின்னதா போடறதுதான் கஷ்டம்."

மூன்று முறை போடச் சொன்னாள். கைபேசியில் பிடித்துக்கொண்டாள். பாயில் நெற்றி படக் குனிந்து நன்றி சொன்னாள். லிஃப்ட் மூடும்வரை ஹமுரோவும் குனிந்து நின்றார்.

திரும்பி வந்தும் அந்த எட்டு சுரம் காதில் இருந்தது. வழுக்கி விழும் அந்தக் கடைசி சுரத்தை முன்பே கேட்டிருந்தார். படகுத்துறை மெட்டுக்கு அடியில் ஓடும் கீழ்க்குரலில் அது உண்டு.

அந்தக் கீழ்க்குரலின் ஒரு சுற்று மேல்குரலின் சுற்றைவிட ஒரு தாளத்தட்டு குறைவு. ஷுஹே அதைப் போட்ட அன்றே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"பிசகிட்டடா. சுத்துக்கு ஒரு தட்டு நகந்து போகுது."

"போகட்டும் சார்."

"எங்கடா போகும்?"

"வீட்டுக்கு," என்றான் ஷுஹே.

தூக்கம் கெட்டவனின் நக்கல் என்று ஹமுரோ சிரித்தார். இந்த ஆல்பத்துக்காகப் பிசகைச் சரிசெய்து கீழ்க்குரலில் ஒரு தாளத்தட்டைச் சேர்த்தவரும் அவரே.

அலமாரியிலிருந்து பழைய விளையாட்டுப் பெட்டியை இறக்கி டிவியில் செருகினார். படகுத்துறைக்குப் போய்க் கைப்பிடியைத் தரையில் வைத்தார். திரையில் சின்ன மனிதன் தண்ணீரைப் பார்த்து நின்றான். ஹமுரோ சுற்றுகளை எண்ணினார். கீழ்க்குரல் சுற்றுக்கு ஒரு தட்டாக முன்னால் நகர்ந்தது. ஆறாவது சுற்றில் கேட்கச் சகிக்கவில்லை. பத்தில் வெறும் இரைச்சல். பதின்மூன்றில் இடைவெளிகள் திறந்தன. பதினேழாவது சுற்றில் கீழ்ச்சுரங்கள் மேல்சுரங்களின் நடுவே ஒவ்வொன்றாக விழுந்தன. எட்டு சுரம். கடைசி வழுக்கியது, தொமோயேயின் ஊர் ஐந்து மணி போலவே.

பதினெட்டில் அது இல்லை.

தொமோயேயின் எண்ணை அழுத்தினார். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"ரயில்ல ரெண்டு பெட்டிக்கு நடுவுல நிக்கிறேன், சொல்லுங்க," என்றாள் அடங்கிய குரலில்.

"அந்த மெட்டைப் பத்தி..."

"இருபது தடவை கேட்டுட்டேன், ஹமுரோ சார். அவனேதான். கடைசில டொக்குனு ஒண்ணு வருதே, அவன் கதவைச் சாத்தற மாதிரியே இருக்கு. வீட்டுல எல்லாருக்கும் அனுப்பிட்டேன். சின்ன அத்தை அழுதுட்டாளாம். நீங்க மட்டும் சொல்லலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரயில் குகைக்குள் நுழைந்த ஓசை வந்தது.

"கேக்குதா சார்? என்னமோ சொல்ல வந்தீங்களே."

"கருவாடு நல்லாருந்தது."

"அதுக்குள்ள தின்னாச்சா? தண்ணி நிறையக் குடிங்க."

பொட்டலம் மேசைமேல் கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. திரையில் சின்ன மனிதன் இன்னும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹமுரோ இருபத்தொன்றாவது சுற்றைக் கேட்டார். இருபத்திரண்டையும் கேட்டார். பிறகு டிவியின் ஒலித் திருகில் விரல் வைத்து, ஆல்பத்துக்குச் செய்தது போலவே, எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாதபடி, மெதுவாகக் குறைத்தார்.