முன்சீட்டு இருளம்மாள்

எனக்குச் சாவு வராது. பெருமைக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். ஏலக்காய்த் தோட்டத்தில் பாம்பு கடித்தது, பிழைத்தேன். எழுபத்தேழாம் வருஷம் போடிமெட்டு மலைப்பாதை வளைவில் ஜீப்பு உருண்டது. பக்கத்தில் இருந்த என் புருஷன் அங்கேயே போய்ச் சேர்ந்தார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிறகு நான் ஏறிய இன்னொரு ஜீப்பு உருண்டு, மரத்தில் முட்டி நின்றது. எல்லோரும் தப்பினார்கள். காப்பாற்றியது மரம், பேர் வாங்கியது நான்.

அன்றிலிருந்து, தோட்ட வேலைக்கு ஆளேற்றிப் போகிற டிரைவர் ஜக்கையன் வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவதை விட்டுவிட்டு என்னை முன்சீட்டில் உட்கார வைத்தான். பொம்பளைகள் என் முந்தானையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறுவார்கள். நான் இருக்கிற தைரியத்தில் அவன் ஒன்றுக்கு இரண்டாக ஆளை அடைப்பான்.

அன்றைக்கு நல்ல மழை. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியான என் மகள் செல்லக்கிளி பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"ஜக்கையா, லோடு ரொம்ப அதிகம்டா. கொஞ்சப் பேர இறக்கு."

"நீ இருக்கையில என்ன பயம் ஆத்தா?"

"கூறுகெட்டவனே, எனக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்கு ஆகும்டா! எம்புருசன் எங்கூடத்தான உக்காந்திருந்தாரு?"

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். அடிவாரத்து முந்தல் தாண்டி முதல் வளைவிலேயே பின்சக்கரம் வழுக்கி ஓரத்துக்குப் போனது. கல் உருண்டு பள்ளத்தில் விழுகிற சத்தம் கேட்டது. ஐயோ, மறுபடியும் நான் மட்டும் எழுந்து நிற்க வேண்டுமா? மகளையும் நானே தூக்க வேண்டுமா? கத்தி வண்டியை நிறுத்தி, மழையில் இறங்கிவிட்டேன்.

"நான் வரல. நீங்க போங்க."

அடுத்த நிமிஷம் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து இறங்கினார்கள். ஜக்கையனே இறங்கிவிட்டான். அடப் பாவிகளா, இது தெரியாமல் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே!

"தொங்குற ஆளு ஒருத்தரும் கூடாது. செல்லக்கிளி எம்பக்கத்துல உக்காரணும். மிச்சப் பேரு அடுத்த ஜீப்புல வாங்க. சம்மதம்னா ஏறுறேன்."

முணுமுணுத்தபடி சம்மதித்தான். மெட்டு வரைக்கும் செல்லக்கிளியின் கையை நான் விடவில்லை.

மறுநாள் ஜீப்பு நிற்கிற இடத்துக்கு முதல் ஆளாகப் போய், வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உட்கார இடமில்லாதவர்களை விரட்டினேன்.

"யாத்தே, இந்தக் கொடுமை என்னைக்கு வரைக்கும்?" என்று ஜக்கையன் தலையில் அடித்துக்கொண்டான்.

"உம்பேரன் ஸ்டியரிங்கப் புடிக்கிற வரைக்கும். அதுக்கப்புறமும் நிப்பேன்டா. வண்டிய எடு."