பல் டாக்டர் எடுத்த இன்டர்வியூ

என் பல் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், உள்ளே டிரில் சத்தம் கேட்டதும் வாசலோடு நழுவிவிடுகிறார்கள். அவர்களைத் தேற்றி உட்கார வைக்க வரவேற்பு மேசைக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் எடுப்பது எனக்கு முதல் தடவை. மனைவியை எதிரே உட்கார வைத்து எட்டுக் கேள்விகளைக் கேட்டுப் பழகினேன்.

"கொஞ்சம் சிரிச்சுக் கேளுங்க. பல்லைப் பிடுங்கப்போற மாதிரி பார்க்காதீங்க," என்றாள்.

மறுநாள் வந்த பெண் வணக்கம் சொல்லி உட்கார்ந்தாள். எட்டுக் கேள்விகளும் எனக்கு மறந்தே போயின. வாயைத் திறந்தேன், திறந்தபடியே இருந்தேன்.

அவள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"பயப்படாதீங்க டாக்டர். மெதுவாக் கேளுங்க. ஒண்ணும் வலிக்காது."

அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

"நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா," என்றேன்.