மக்காச்சோளக் காட்டுக் கீரை

தீபாவளி முடிந்ததும் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியை வழக்கம்போல ஒரு மாதம் அடைத்தார்கள். ரோஜாவுக்கு வருசத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு அதுதான். இந்த வருசம் அவள் புருசன் பிரபாகரனும் வீட்டில் கிடந்தான். சீசன் மும்முரத்தில் சாத்தூருக்கு லோடு கொண்டுபோன இடத்தில் வண்டியை விட்டு இறங்கியவன், தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டான். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, கொஞ்ச நாளைக்கு வண்டிப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சீசனில் அந்த வீட்டு அடுப்பு ராத்திரியில் எரிந்ததே கிடையாது. கம்பெனி வேனில் வந்து இறங்குகிற ரோஜாவுக்குக் கையில் ஒட்டிய மருந்துப் பொடியைத் தேய்த்துக் கழுவவே தெம்பு இருக்காது. முக்குக் கடைப் பரோட்டாவும் சால்னாவும்தான் சாப்பாடு. இப்போது நேரம் இருந்தது. மழையும் நன்றாகப் பெய்திருந்தது. கரிசல் காடு முழுக்கப் பண்ணைக்கீரை முளைத்துக் கிடந்தது. வேலியோரக் கொடிகளில், சர்க்கரைக்கு நல்லதென்று சொல்கிற, பாகற்காய் போலக் கசக்கும் அதலைக்காய் தொங்கியது. காசு கொடுத்து வாங்க வேண்டியது குதிரைவாலி அரிசி மட்டுந்தான்.

முதல் நாள் அதலைக்காய் சரியாக வரவில்லை. இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு வதக்கினாள். அவசரத்தில் கரண்டியைப் போட்டுக் கிண்டியதில் காயெல்லாம் உடைந்து விதை வெளியே வந்துவிட்டது. பிரபாகரன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

"ஏ ரோசா, இத மனுசன் திம்பானா? வேப்பங்காயத் தின்ன மாதிரில்ல இருக்கு."

"கசக்கத்தான் செய்யும். பரோட்டா இனிச்சதுனாலதான இங்கன வந்து உக்காந்திருக்கீக?"

மறுநாள் கொஞ்சம் புளித்தண்ணீர் தெளித்து, சின்ன வெங்காயத்தை அள்ளிப் போட்டு, கரண்டியைத் தொடாமல் சட்டியை மட்டும் குலுக்கிக் குலுக்கி வதக்கினாள். அவன் தட்டைத் தள்ளவில்லை. நாலைந்து நாள் போனதும், "இன்னைக்கு என்ன கீரை?" என்று அவனே கேட்டான். ரோஜா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முகத்தில் வந்த சிரிப்பை அவன் பார்த்துவிடக்கூடாது என்று நினைத்தாள்.

கண்மாய்க்கு மேற்கே பாண்டிச்செல்வத்தின் மக்காச்சோளக் காட்டில்தான் கீரை தளதளவென்று நிற்கும். அவருக்கு அது களை. பிடுங்கிக்கொண்டு போனால் நல்லதுதான் என்று யாரையும் ஒன்றும் சொல்லமாட்டார். அன்றும் ரோஜா காலையிலேயே போய் மடி நிறையப் பறித்து வந்தாள். அலசி, அரிந்து, பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காய்த் துருவல் போட்டு இறக்கினாள். பிரபாகரன் தட்டில் சோற்றைப் போட்டுக் கீரையை வைத்தாள். அவன் பிசைந்து முதல் வாய் வைத்தபோது வாசலில் பைக் வந்து நின்றது.

"யக்கா! கீரையக் காய்ச்சிட்டீகளா?"

பாண்டிச்செல்வம் பைக்குக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அது சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டு நின்றது.

"என்ன தம்பி?"

"நேத்துச் சாயங்காலம் களைக்கொல்லி அடிச்சிருக்கேன்க்கா. நீங்க பறிச்சிட்டுப் போனத இப்பத்தான் சொன்னாக. திங்காதீக!"

ரோஜா தட்டைப் பிடுங்கினாள். பிரபாகரன் வாயில் இருந்ததைத் துப்பினான். பாதி உள்ளே போய்விட்டதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. செம்புத் தண்ணீரை வாங்கி வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தான். பட்டாசு மருந்துக்கு நடுவில் இத்தனை வருசம் உட்கார்ந்து வேலை பார்த்தவள், தன் கையால் காய்ச்சிய ஒரு சட்டிக் கீரையைப் பார்த்துப் பயந்து நின்றாள்.

பாண்டிச்செல்வமே மருந்து டப்பாவை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஆட்டோவில் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் டப்பாவைப் படித்துப் பார்த்தார். பிரபாகரனைச் சாயங்காலம் வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, போகலாம் என்றார். அதுவரைக்கும் பாண்டிச்செல்வம் வராந்தாவைவிட்டு நகரவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"சொல்லாம அடிச்சது என் தப்புதான்க்கா. பறிக்கிறீகன்னு தெரிஞ்சும் ரோசனை ஓடல."

ரோஜாவுக்கு வைய வேண்டும்போல்தான் இருந்தது. ஓடி வந்து சொன்னவனை எப்படி வைவது என்றும் இருந்தது. "நல்ல வேளை வந்தீக" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் காட்டுப் பக்கமே போகவில்லை. சிவகாசி மார்க்கெட்டில் கட்டுக்கீரை வாங்கி, அலசிய கீரையையே திரும்பத் திரும்ப அலசினாள். இரண்டு மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிரபாகரன் கேட்டான்.

"ஏ ரோசா, இந்தக் கீரைக்கு மருந்து அடிக்கலன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அவள் கை நின்றது.

"அங்கனயாவது அடிச்சவன் வந்து சொல்லிட்டான். இதுக்கு யாரு வருவா?"

சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ரோஜாவும் பின்னாலேயே போனாள். காட்டில் பாண்டிச்செல்வம் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஓரமாக் கொஞ்ச எடத்த மருந்தில்லாம விட்டுக் குடுக்கலாமா?" என்று பிரபாகரன் கேட்டான்.

பாண்டிச்செல்வம் உடனே தலையாட்டிவிடவில்லை. களையை விட்டால் சோளம் தேறாது என்று அவருக்குக் கவலை. காட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"கண்மாய்க்கரைப் பக்கம் அன்னைக்கு அடிக்கல. அந்த நாலு பாத்திய விட்டுர்றேண்ணே. ஆனா, மத்த பக்கம் தலையே காட்டக்கூடாது."

"காட்டல."

"வேலியோர அதலக்காய்லயும் மருந்து படல, அதுவும் அப்பிடியே நிக்கட்டும். எங்கய்யாவுக்கும் சுகர் கெடக்கு. வீட்டுல அதச் செய்யத் தெரியல, கசப்புன்னு தூரக் கொட்டிருதாக. யக்கா, எப்பிடிச் செய்றீக?"

ரோஜா வரப்பில் நின்றபடியே சொன்னாள். கரண்டி போடக்கூடாது என்பதை அழுத்திச் சொன்னாள். அங்கேயே வேலியில் பறித்த காயில் பாதியை அவரிடமே கொடுத்தனுப்பினாள். பறித்த காயை மறுநாளைக்கு வைத்தால் வெடித்துவிடும்.

கார்த்திகையில் கம்பெனி திறந்தது. முதல் நாள் ரோஜா எழுந்து வந்தபோது பிரபாகரன் அடுப்பைப் பற்றவைத்திருந்தான். அரிவாள்மனைக்குப் பக்கத்தில் கீரை கோணல்மாணலாக அரிந்து கிடந்தது.

"நீ கெளம்பு, வேன் வந்துரும். நான் காய்ச்சுறேன்."

அவள் தலை சீவப் போனாள்.

மத்தியானம் கம்பெனி மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்தாள். குதிரைவாலிச் சோறு குழைந்திருந்தது. கீரையில் உப்பு ஒரு கை கூடத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "யாரு வச்சது?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு."

உப்பை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு ரோஜா வாளியை வழித்துச் சாப்பிட்டாள்.