மார்பளவுத் தண்ணீரில் ஒரு சண்டை

கடலோரத்தில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் பயமா என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போவது ஆண்கள். கரைக்கு வந்த மீனைத்தான் எனக்குத் தெரியும். அது செத்த பிறகுதான் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே. கணுக்காலுக்கு மேல் அலை ஏறினால் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன்.

அப்படிப்பட்ட என்னைத்தான் டோல்கேட் பக்கம் ஒரு பிசியோதெரபி சென்டரில், வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்கள். முழங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டது. காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்க உட்கார்ந்தால், எழுந்திருக்க ஆள் தேட வேண்டியிருந்தது.

"போதும்மா, கடைய வுட்டுட்டு வூட்ல குந்து," என்றான் மகன் பிரகாஷ். ஹார்பருக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், சொன்னால் சொன்னதுதான். வீட்டில் உட்கார்ந்து சுவரையா பார்ப்பது? பெரிய சண்டைக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. இந்த வைத்தியத்தில் கால் தேறினால் மார்க்கெட். தேறாவிட்டால் என் இடத்தை நான் விட்டுவிட வேண்டும்.

பிசியோ ஆன்சி ராயபுரத்துப் பெண். வயது சின்னது, வாய் பெரிது.

"மார்பளவு தண்ணில நின்னா உங்க வெயிட்டுல பாதிக்கு மேல தண்ணியே தாங்கிக்கும்மா. தரைல வலிக்கற எக்சர்சைஸ்கூட இங்க ஈஸியா செய்யலாம். நெறைய பேருக்குச் செஞ்சி பாத்து, வலி குறையுது, நடை தேறுதுன்னு ஆராய்ச்சில கண்டுபுடிச்சிருக்காங்க. ஆனா நீங்க நடக்கணும். கம்பிய புடிச்சிகினு நின்னா ஒண்ணும் ஆவாது."

நான் தொட்டியோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், இரண்டு கையாலும். ஆன்சி கெஞ்சினாள், மிரட்டினாள், மிதவை கொடுத்தாள். ம்ஹூம். மார்க்கெட் கைவிட்டுப் போகிறதே என்று வீட்டில் அழுவேன். மறுநாள் தண்ணீரைப் பார்த்ததும் மறுபடியும் கம்பிதான்.

ஒரு நாள் இடுப்பு வலிக்காரி ஒருத்தி தொட்டிக்குள் இறங்கினாள். பெயர் சாபிரா. எதிர்ப்பக்கம் நின்று என்னையே உற்றுப் பார்த்தாள்.

"நீ காலடிப்பேட்டை மீன்காரம்மாதான? ரம்ஜானுக்கு முன்னாடி ஒரு வஞ்சிரம் குடுத்தியே, வூடே நாறிப்போச்சி!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாருகிட்ட இன்னா பேசற? என் மீனா நாறுச்சி? செவுளத் தூக்கிக் காட்டாம நான் மீனு குடுத்ததே கெடையாது! இப்டி தலையப் புடிச்சி, இப்டி தொறந்து, ரத்தமாட்டம் செவப்பா காட்டுவேன்!"

தலையைப் பிடிக்க ஒரு கை, செவுளைத் திறக்க ஒரு கை. மீன் விற்கிறவளுக்குச் சண்டை போட இரண்டு கையும் வேண்டும். காட்டிக்கொண்டே அவள் மூக்குக்கு நேராகப் போய் நின்றேன்.

"கண்ணுதான் மங்கலா இருந்துச்சி," என்றாள் சாபிரா, பின்வாங்கியபடி.

"மீனு கண்ணா, உன் கண்ணா?"

ஆன்சி சத்தம் போடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். கம்பி தூரத்தில் இருந்தது. நான் தொட்டியின் நடுவில் நின்றிருந்தேன். மூழ்கவில்லை. முழங்கால் வலிக்கவும் இல்லை!

பிறகு என்னைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. முன்னால் நடை, பக்கவாட்டில் நடை, காலைத் தூக்கி இறக்குவது எல்லாம் செய்தேன். சாபிராவும் நானும் பேசிக்கொண்டே நடப்போம். அந்த வஞ்சிரம் என்னுடையது இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டு மாதம் கழித்து பிரகாஷ் வந்து, அம்மா மறுபடியும் மார்க்கெட்டில் உட்காரலாமா என்று ஆன்சியிடம் நேராகவே கேட்டான்.

"தேஞ்ச மூட்டு தேஞ்சதுதான்ணா. ஆனா வலி குறைஞ்சிருக்கு, தொடைல பலம் வந்துருக்கு. தரைல குந்தக் கூடாது, ஸ்டூல்ல உக்காரட்டும். எக்சர்சைஸ் வுடக் கூடாது," என்றாள் அவள். "பாக்கலாம்," என்று பிரகாஷ் லாரி எடுக்கப் போய்விட்டான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் மார்க்கெட்டுக்கு நானே நடந்தேன். பக்கத்துக் கடைத் தங்கபுஷ்பம் என் இடத்தைக் கழுவி வைத்திருந்தாள். ஸ்டூலைப் போட்டு, மீனைப் பரப்பினேன். நிமிர்ந்தால் பிரகாஷ் நிற்கிறான். தடுக்கத்தான் வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"இன்னாடா?"

"நெத்திலி அரை கிலோ போடு," என்று ரூபாயை நீட்டினான். "நான்தான் இன்னிக்கி போணி."

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் மகன் கொடுத்த போணி. தராசில் நெத்திலி கொஞ்சம் கூடவே விழுந்தது. நான் திருப்பி எடுக்கவில்லை.