முதல் நம்பர் முதலாளிக்கு

அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்கு மாப்பிள்ளை காட்டிய ஒரே தகுதி, முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் என்றால் அதை அணைத்து மறுபடி போடத் தெரியும். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு சர்வர் அறையில், பனிக்கரடியும் போர்வை கேட்கும் ஏசியில், சுழல்நாற்காலியில் ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஒரு வாரமாக ராஜாங்கம் ஆட்டம் கண்டிருந்தது. காலையில் ஒழுங்காக ஓடும் நெட்வொர்க், பத்து மணி ஆனதும் படுத்துவிடும்.

"மத்தியானம் பெரிய கஸ்டமர் வர்றாரு. ஆர்டர் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஓடறதைப் பார்க்கணுமாம்" என்றார் மாமனார். "அதுக்குள்ள சரியாகலேன்னா ஏசி ரூம் சாவியைக் கொடுத்துட்டு கோடவுனுக்குக் கிளம்பிடு. அங்கே ஃபேன்கூடக் கிடையாது."

மாப்பிள்ளைக்கு அங்கேயே வியர்த்தது. கேபிள்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். சர்வரை அணைத்துப் போட்டார்; அதன் பொத்தான் தேய்ந்து வழுக்கையானது. டைப்பிஸ்ட் பூசிக்கொண்ட சென்ட்தான் சிக்னலைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து அவளை ஜன்னலோரம் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை.

கணக்குப் பிரிவைப் பார்க்கும் மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, அப்பாவும் நீங்களும் கார்ல வந்து இறங்கற வரைக்கும் எல்லாம் ஜோரா ஓடுது. அவர் சிஸ்டத்தைப் போட்டதும் இன்டர்நெட் செத்துப்போகுது. அதுல என்ன பண்ணி வெச்சீங்க?"

மாப்பிள்ளைக்குப் பண்ணியது ஞாபகம் வந்தது.

அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஒரு ஐபி நம்பரை, ஒன்றோடொன்று மோதாமல், சர்வர் தானாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. போன வாரம் மாமனார் அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டார். "வாட்ச்மேன் ரூமுக்கு அஞ்சு, எனக்கு எண்பத்தேழா? யாருய்யா இங்கே முதலாளி?" என்று குதித்தார். மாப்பிள்ளை உடனே சர்வரின் வாயை அடைத்துவிட்டு, பதவி வரிசைப்படி எல்லாருக்கும் தம் கையாலேயே நம்பர் போட்டார். முதல் நம்பர் முதலாளிக்கு.

ஆனால் முதல் நம்பர் ஏற்கெனவே ரௌட்டருடையது. எல்லாரும் இன்டர்நெட்டுக்குப் போக வேண்டிய வாசல் அந்தப் பெட்டிதான். ஊர்ப்பட்ட தகவலும் ரௌட்டரைத் தேடிப் புறப்பட்டு, அதே நம்பரோடு கம்ப்யூட்டரில் சீட்டாடிக்கொண்டிருந்த மாமனார் மேசையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளை கையைப் பிசைந்தபடி மாமனார் அறைக்குப் போனார். "மாமா, உங்க நம்பரை ரௌட்டருக்கு விட்டுக்கொடுத்தா..."

"அந்தப் பெட்டிக்கா? அதுக்கு எத்தனை வருஷம் சர்வீஸ்?"

"இல்ல மாமா, சும்மா கேட்டேன். கீழே ஒரே தூசி, துடைச்சுடறேன்."

மேசைக்கடியில் தவழ்ந்து போய் நெட்வொர்க் கேபிளை உருவினார். மாமனாருக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. சீட்டு விளையாட்டுக்கு இன்டர்நெட் எதற்கு? பக்கத்து அறையில் "வந்துடுச்சு!" என்று கூவினார்கள்.

மாப்பிள்ளை சர்வர் அறைக்குத் திரும்பி நெஞ்சை நிமிர்த்துவதற்குள் மனைவி திரும்ப வந்தாள். "இன்டர்நெட் வந்துடுச்சு. சர்வர்ல இருக்கற ஆர்டர் ஃபைல் ஒண்ணுமே திறக்கல. கஸ்டமர் கார் கேட்டுக்குள்ள வந்தாச்சு. உங்களுக்கு நீங்க என்ன நம்பர் போட்டுக்கிட்டீங்க?"

"ரெண்டு. மாமாவுக்கு அடுத்து நான்தானே?"

"சர்வர் நம்பர்?"

மாப்பிள்ளை சர்வர்மேல் தொங்கிய கோட்டை விலக்கினார். சர்வரின் நெற்றியிலேயே கொட்டை எழுத்தில் '2' ஒட்டியிருந்தது. தினமும் அதன்மேல்தான் தம் கோட்டை மாட்டிவந்தார்.

"அப்பா கேபிளை நீங்க பிடுங்கினீங்க. உங்களோடதை யாரு பிடுங்கறதாம்?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் குனிந்து உருவினாள். ஃபைல்கள் திறந்தன.

மனைவி கூட்டிப்போக, கஸ்டமர் சுற்றிப் பார்த்தார். ஆர்டர்கள் தண்ணீராய் ஓடின. கண்ணாடித் தடுப்புகளுக்குப் பின்னே மாமனாரும் மாப்பிள்ளையும் கேபிள் பிடுங்கிய கம்ப்யூட்டர்களின் முன் புருவத்தை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்க ரெண்டு பேரும் யாரும்மா?"

"முதலாளியும் மாப்பிள்ளையும் சார்" என்றாள். "அவங்க இப்படியே உட்கார்ந்திருக்கறதாலதான் ஆபீசே ஓடுது."