ஆர்ட்ஸியா ஒரு கல்யாணக் கார்டு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரே ஒரு சொல்லால் வந்த வினை. ‘ஆர்ட்ஸி’. (கலைநயம் காட்ட மெனக்கெட்டதை ஆங்கிலம் பேசுகிறவர்கள் சும்மா பேச்சில் அப்படிச் சொல்வார்கள்.) பக்கத்து வீட்டு ஷர்மினி தன் கல்யாணக் கார்டைக் காட்டியதும் அவள் தோழி கத்தினாள்: “செம ஆர்ட்ஸி லா!” (‘லா’ எங்கள் ஊர்ப் பேச்சின் ஒட்டு.) அதே கார்டைப் பார்த்து சிலிம் ரிவர் ஊரில் ஷர்மினியின் பெரியப்பா மகள் சாந்தினி இழுத்தாள்: “ம்ம்... ஆர்ட்ஸியா இருக்கு.” ஷர்மினி அங்கேயே அழுதுவிட்டாளாம். ஒரே சொல் எப்படி இரண்டானது என்று எனக்குக் குடைச்சல் தாங்கவில்லை.

2.
‘எங்கள் ஈப்போ ஜெலாப்பாங்கில் அன்று மழை...’ (வேண்டாம். மழை பெய்யவே இல்லை.)

கார்டிலிருந்தே தொடங்குகிறேன். வெள்ளைத் தாள். ஈப்போ மலை ஒன்று, ஒரே கோட்டில். மூலையில் எறும்பு அளவு எழுத்தில் ஷர்மினி, மாப்பிள்ளை பவித்ரன். பிள்ளையார் இல்லை. அழைக்கிற பெரியவர்களின் பெயர் வரிசையும் இல்லை. அச்சகத்தில் தினமும் ஊராருக்கு ரோஜாப்பூவும் தங்க எழுத்தும் போட்டு அலுத்துப்போன ஷர்மினி தானே வரைந்தது.

(குறிப்பு: இந்தச் சொல் கார்டைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. செய்தவளைத்தான் சொல்கிறது. தோழிக்கு அது பெருமை. சாந்தினிக்கோ அலட்டல்.)

3.
ஷர்மினிக்கு அப்பா இல்லை. மணவறையில் தாரை வார்க்க வேண்டியவர் பெரியப்பா ஜெயபாலன்தான். சிலிம் ரிவரில் அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். கார்டோடு ஷர்மினி வைத்த வெற்றிலைத் தட்டைத் தொடவேயில்லையாம்.

‘கோபக்கார மனிதர்’ என்று எழுதி அடித்துவிட்டேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை, எனக்கென்ன தெரியும்?

4.
முடிவு ஒன்று: பெரியப்பா கல்யாணத்துக்கு வருகிறார், எல்லாரும் அழுகிறார்கள். (சீ, சினிமா.) இரண்டு: வரவில்லை, அவள் மலையைப் பார்த்தபடி...

“முடிவ வாசகர்கிட்ட விட்டுடவா?” என்று ஷர்மினியைக் கேட்டேன்.

பாய்ந்தாள். “அதுவும் ஆர்ட்ஸிதான்க்கா! ஞாயித்துக்கிழமை கல்யாணம். பெரியப்பா வருவாரா மாட்டாரா? கேட்டுச் சொல்லுங்க லா!”

பெரியப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, வருவாரா என்று கேட்டேன்.

“கார்டு அழகாத்தாம்மா இருக்கு,” என்றார். “வாரேன். கூட்டத்துல ஒரு ஆளா வந்து சாப்பிட்டுப் போறேன். அப்பன் எடத்துல நிக்கணும்னா, அத அந்தப் புள்ள என்கிட்ட வாயால சொல்லணும்ல?”

போனை ஷர்மினியிடம் நீட்டினேன். அவள் என் பேனாவை என் பக்கமே தள்ளி, எழுதிக்கொடுங்கள் என்று ஜாடை காட்டுகிறாள். எனக்குப் பாவமாக இருக்கிறது. ஆனால் நான் எழுதிக்கொடுத்தால் அது என் பேச்சாகிவிடும்.

“ஹலோ? இருக்கீங்களா?” என்கிறார் பெரியப்பா.

உங்களுக்கும் இப்படி ஒரு பெரியப்பா இருப்பார். அவரை அப்பன் இடத்துக்கு எப்படிக் கூப்பிடுவீர்கள்? நீங்கள் சொல்லுங்கள், அவர் லைனில்தான் இருக்கிறார்.