ஓட்டுச்சீட்டில் ஒரு பிள்ளையார் சுழி

1

இந்தக் கதையை நான் திருடினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டு, 'எனக்கு அப்போதே தெரியும்' என்று பெருமைப்படுவதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

கதையின் சொந்தக்காரி சுபாங்கி. இருபத்தேழு வயது. பாரிஸின் லா சப்பலில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அரியரத்தினம் அண்ணையின் ஒரே மகள். போன வருடம் ஒரு கலியாண மண்டபத்தில், மாப்பிள்ளை வர இரண்டு மணி நேரம் பிந்தியதால், பொழுது போகாமல் எனக்குச் சொன்னாள். சொல்லி முடித்ததும் பயந்துவிட்டாள்.

"கவி அண்ணா, இதை எழுதிப்போடாதேங்கோ. அப்பாக்குத் தெரிஞ்சா மனமுடைஞ்சு போயிடுவார்."

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாள், பாவம். என் முழுப்பெயர் கவியரசன். சேலத்தில் என் அப்பா ஆசைப்பட்டு வைத்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தால் ஊர் சிரிக்கும். வாரநாட்களில் ஒரு வங்கியின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுகிறேன். என் கதைகளை ஒரு வரி விடாமல் படிக்கிற வாசகர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பெயர் அரியரத்தினம்.

சிக்கல் புரிகிறதா? இதை எழுதினால் அவர் படிப்பார். படித்தால் தெரிந்துவிடும். தெரியக்கூடாது என்பதுதான் கதையே.

2

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: 'பாரிஸ் நகரின் மீது மழை பெய்துகொண்டிருந்த ஒரு'

விட்டுவிட்டேன். பாரிஸில் மழை பெய்ததென்று சொல்ல ஒரு எழுத்தாளன் தேவையில்லை.

இரண்டாம் வரைவில் அண்ணையை ஒளித்துவைக்கப் பார்த்தேன். பெயரைக் கிறிஸ்தோப்பர் என்று மாற்றி, புறநகர் ஒபர்வில்லியேயில் ஒரு துணிக்கிடங்கில் வேலைக்கு அமர்த்தி, ஓட்டுச்சீட்டில் பக்தியோடு ஒரு சிலுவை போட வைத்தேன். (இலங்கையில் ஓட்டுப் போடுவதே புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டுத்தான். ஆகவே கிறிஸ்தோப்பரின் பக்தி அங்கே செல்லுபடியாகும். என் கதைதான் செல்லுபடியாகாது.)

மூன்றாம் வரைவில் அவரைப் புதுச்சேரிக்காரராக்கி நகைக்கடையில் உட்கார வைத்தேன். அவர் வாயைத் திறந்ததும் யாழ்ப்பாணத் தமிழ் வந்தது. நான் என்ன செய்ய? சில மனிதர்களுக்கு வேஷம் பொருந்தாது. உள்ளபடியே எழுதிவிடுகிறேன்.

3

அரியரத்தினம் அண்ணை எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுவார். நீங்களும் போட்டிருப்பீர்கள், நானும் போட்டவன்தான். ஆனால் நாம் பரீட்சைத்தாளோடு நிறுத்திக்கொண்டோம். அவர் பழுதுக்கு வந்த போன்களில் ஒட்டும் துண்டுச்சீட்டிலும் போடுவார். திரை உடைந்த போனுக்கும் விக்கினம் தீர்க்கும் விநாயகன் துணை.

இதைக் கேலி செய்தால் குடியுரிமைக் கதையை எடுத்துவிடுவார். அவருடைய விண்ணப்பம் மூன்று தடவை திரும்பி வந்ததாம். நான்காம் தடவை, கோப்பின் ஒவ்வொரு தாளிலும் மேல்மூலையில் உளுந்தளவுக்கு ஒரு சுழி போட்டு அனுப்பினார். 2010இல் பிரெஞ்சுக்காரராகிவிட்டார். இந்தக் குடியரசு மதச்சார்பற்றது. அதன் கோப்பு ஒன்றுக்குள் முப்பத்தாறு பிள்ளையார்கள் சம்மணமிட்டிருக்கிறார்கள். இதற்குப் பிறகு நீங்கள் அவரிடம் எந்தப் பகுத்தறிவைப் பேசுவீர்கள்?

இனி ஓட்டுக்கு வருவோம். பிரான்ஸில் ஓட்டுச்சீட்டில் எழுத வேண்டியது எதுவுமில்லை. வேட்பாளரின் பெயர் அச்சடித்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து, திரைக்குப் பின்னால் போய், உறைக்குள் வைத்து, பெட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான். சீட்டில் ஒரு கீறல், ஒரு குறி இருந்தாலும் அந்த ஓட்டு செல்லாது.

அண்ணை திரைக்குப் பின்னால் போகிறார். சீட்டை எடுக்கிறார். மேல்மூலையில்...

ஓம். அதேதான்.

4

(கட்டுரைத்தனமான ஒரு பத்தி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.)

இங்கே ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால், கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முன்தேர்தல் வைப்பதுண்டு. 2011இல் இடதுசாரிகள் அதை ஊருக்கே திறந்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஒரு யூரோ கொடுத்து, 'இடதுசாரி விழுமியங்கள் எனக்கு உடன்பாடு' என்ற தாளில் கையெழுத்திட வேண்டும். அண்ணை போட்டார். 2016 நவம்பரில் வலதுசாரிகள் வைத்தார்கள், இரண்டு யூரோ, அவர்களுடைய விழுமியங்கள். அண்ணை அதிலும் போட்டார். இரண்டு மாதம் கழித்து, 2017 சனவரியில், மறுபடி இடதுசாரிகள். மறுபடி அண்ணை.

"ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டா எப்படிங்கண்ணே?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஏன் தம்பி? பிள்ளையாரிட்டையும் போறம், லூர்து மாதாவிட்டையும் போறம். ஆரும் கோவிச்சவையோ?"

5

2017 சனவரி. சுபாங்கிக்கு அப்போது பத்தொன்பது வயது, சட்டம் படிக்கும் மாணவி. அந்த வயதில் சட்டம் படிப்பவர்களைப் போலக் கொடியவர்கள் கிடையாது. வாக்கெண்ணத் தொண்டர்கள் தேவையென்று கேட்டதும் கையைத் தூக்கியிருக்கிறாள். மாலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடி மூடியதும், பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் மேசைக்கு நான்கு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் உறையைப் பிரிக்க, சுபாங்கி பெயரை உரக்க வாசிக்க, மற்ற இருவர் குறித்துக்கொண்டார்கள்.

எழுபதாவது உறையோ, எண்பதாவதோ. சீட்டைப் பிரித்தாள். மேல்மூலையில் உளுந்தளவுக்கு ஒரு சுழி.

பள்ளி திறக்கும் ஒவ்வொரு செப்தெம்பரும் அவளுடைய பள்ளி நோட்டுகளில், வேண்டாமென்று அவள் கெஞ்சக் கெஞ்ச, அப்பா போட்டுத் தந்த அதே சுழி. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆலீஸ், ஓய்வுபெற்ற ஆசிரியை. எட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ மைக்கறை, போகட்டும். வாசி" என்றாராம்.

இந்த இடத்தில் நான் மூன்று நாள் நின்றேன். பாத்திரத்தின் மீது சந்தேகம் வந்துவிட்டது. கிழவி விட்டுவிடலாம் என்கிறாள். பெற்ற மகள் வாயை மூடிக்கொண்டு பெயரை வாசித்திருந்தால் ஓட்டு செல்லும், கதை முடியும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். எந்தப் பெண் அப்படிச் செய்யமாட்டாள்?

சுபாங்கி செய்யவில்லை. "இல்லை, குறி இருக்கிறது. செல்லாது" என்றாள். மேசையில் இருந்த விதிப்புத்தகத்தை ஆலீஸுக்கு விரித்தும் காட்டினாள். செல்லாச் சீட்டில் எண்ணியவர்கள் கையெழுத்திட வேண்டும் என்றார்கள், இட்டாள். மேலே அப்பாவின் பிள்ளையார் சுழி, கீழே மகளின் ஒப்பம். நடுவில் அச்சடித்த ஒரு பெயர்.

6

வீட்டுக்குப் போனபோது அண்ணை தொலைக்காட்சி முன்னால் காத்திருந்தாராம்.

"எங்கடை பள்ளிக்கூடத்திலை என்ரை ஆளுக்கு எத்தினை விழுந்தது?"

"நூற்றுப் பன்னிரண்டு, பப்பா."

"அதிலை ஒண்டு நான்" என்றார். பிறகு சொன்னார்: "ஊரிலை ரெண்டு தரம் ஓட்டுப் போடப் போனனான். ரெண்டு தரமும் நான் போறதுக்கு முதலே என்ரை ஓட்டை ஆரோ போட்டிட்டாங்கள். மூண்டாந்தரம், வீட்டை விட்டே வெளிக்கிடவேண்டாமெண்டு சொல்லிப்போட்டாங்கள். இஞ்சைதான் பிள்ளை, நான் போட்டா அது நான் போட்டது."

சுபாங்கி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். அந்த நூற்றுப் பன்னிரண்டில் அவர் இல்லை. 2011இலிருந்து எதிலுமே அவர் இல்லை. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

(2023இல் வாடகை ஸ்கூட்டர்கள் பாரிஸுக்கு வேண்டுமா வேண்டாமா என்று நகரத்தில் வாக்கெடுப்பு வைத்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு ஸ்கூட்டர் அண்ணையை இடித்து மணிக்கட்டை முறித்திருந்தது. மாவுக்கட்டோடு, இடது கையால் சுழி போட்டு, வேண்டாம் என்று வாக்களித்தார். பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். மறுநாள் தெருவுக்கே வடை வாங்கிக் கொடுத்து, "பாத்தியளோ, துரத்திப்போட்டம்" என்றார். நான் மூன்று வடை சாப்பிட்டேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது.)

7

முடிவுகள். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) அண்ணை கதையைப் படித்துவிட்டு மெல்லச் சிரிக்கிறார். "எனக்கு முந்தியே தெரியும் தம்பி." எதுவும் தோன்றாத எழுத்தாளர்கள் எல்லோரும் போய்ச் சேரும் முடிவு இது. அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வடை வந்திருக்காது.

(ஆ) ஒரே ஒரு ஓட்டில் யாரோ தோற்கிறார்கள். சினிமா.

(இ) சுபாங்கி உண்மையைச் சொல்கிறாள். மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் தடதடக்கிறது. தகப்பனும் மகளும் கட்டிப்பிடித்து... வேண்டாம். அந்த வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை.

இதுவரை எழுதியதை இன்று காலை லியோனில் வேலை பார்க்கும் சுபாங்கிக்கு அனுப்பினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். மதியம் பிரெஞ்சில் ஒரு வரி வந்தது: 'முடிவை மாற்றுங்கள்.' முடிவே இன்னும் எழுதவில்லையே என்று பதில் போட்டேன். அதற்கு வந்தது தமிழில்: 'அப்ப நீங்களே சொல்லுங்கோ அவருக்கு. என்னால ஏலாது.'

8

இன்று ஞாயிறு, 2025 மார்ச் இருபத்து மூன்று. பாரிஸில் இன்னும் ஐந்நூறு தெருக்களில் கார்களை வரவிடாமல் தடுத்து மரம் வைக்கலாமா என்று வாக்கெடுப்பு. எந்தத் தெருக்கள் என்பதைப் பிறகுதான் தீர்மானிப்பார்களாம். அண்ணைக்கு அதுவே போதும், இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

"சாமான் கொண்டுவாற வான் எங்கை நிக்கிறது? மரத்திலையோ?"

துணைக்கு வா என்று கூப்பிட்டார். எனக்கு இந்த நாட்டில் ஓட்டில்லை, வதிவிட அட்டைதான். ஆனாலும் போனேன். வழியில் சொல்லிவிடுவதாக இருந்தேன். பழக்கடை தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். பழக்கடை தாண்டியது. பாலத்துக்குக் கீழே போனதும் என்று நினைத்தேன். மேலே மெத்ரோ போனது, சத்தத்தில் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (கோழை என்கிறீர்கள். நீங்கள் வந்து சொல்லிப் பாருங்கள்.)

சொன்னால், இன்றைய ஓட்டு ஒன்று செல்லும். ஆனால் பதினாலு வருடத்து ஓட்டுகள் அத்தனையும் இந்த நடைபாதையிலேயே செத்துப்போகும். அதில் ஒன்றைக் கொன்றவள் மகள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அவர் இன்னும் இருபது வருடம் கம்பீரமாக இந்தப் படிகளில் ஏறி, யாரும் எண்ணாத ஓட்டைப் போட்டுக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூட வாசல். அண்ணை சட்டைப்பையைத் தடவுகிறார். மறுபையைத் தடவுகிறார்.

"தம்பி, பேனை ஒண்டு தாங்கோவன். கடையிலை விட்டிட்டு வந்திட்டன்."

"எதுக்குங்கண்ணே? உள்ள எழுதறதுக்கு ஒண்ணுமில்லையே" என்கிறேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஒண்டுமில்லைத்தான். ஆனா உந்தச் சுழி இல்லாமல் போட்டா எனக்குப் போட்ட மாதிரியே இராது." சிரிக்கிறார். "கதை எழுதிற ஆளிட்டைப் பேனை இல்லையெண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் நாய்க்குட்டியோடு ஒரு அம்மாள் பொறுமையிழக்கிறாள்.

"கெதியாத் தாங்கோ, ஆக்கள் நிக்கினம்."

என் விரல்கள் பேனாவின் மீது இருக்கின்றன. எனக்கு இதற்கு மேல் வரவில்லை. நீங்கள் இதுவரை சும்மாதானே படித்துக்கொண்டிருந்தீர்கள்? கொடுப்பதா, சொல்வதா, இந்த ஒன்றையாவது நீங்கள் செய்யுங்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.